கொங்கு மண்டலத்தின் சிறு அறக்கட்டளைகள்: பணம் எங்கிருந்து வந்தது, ஏன் தங்கவில்லை

கோகுல்ராஜ் 2015 ஜூன் மாதம் கொல்லப்பட்டார். நாமக்கல்லில் நடந்துவந்த வழக்கு 2019இல் மதுரைக்கு மாற்றப்பட்டது. சிறப்பு நீதிமன்றத்தின் தீர்ப்பு 2022 மார்ச்சில் வந்தது. முக்கியக் குற்றவாளிகளின் தண்டனையைச் சென்னை உயர்நீதிமன்றம் 2023 ஜூனில் உறுதிசெய்தது. உடுமலைப்பேட்டை சங்கர் கொலை நிகழ்ந்தது 2016 மார்ச்சில். விசாரணை நீதிமன்றம் 2017 டிசம்பரில் தீர்ப்பளித்தது. உயர்நீதிமன்றம் 2020 ஜூனில் அதைப் பெருமளவு மாற்றியது. வழக்கு உச்சநீதிமன்றத்துக்குச் சென்றது. இவை நாடறிந்த வழக்குகள். ஊடகமும் இயக்கங்களும் மூத்த வழக்கறிஞர்களும் துணை நின்றும் இத்தனை ஆண்டுகள் பிடித்தன. பெயர் வெளியே தெரியாத வன்கொடுமை வழக்குகள் எத்தனை ஆண்டுகள் இழுபடும் என்பதைக் களத்தில் இருப்போர் அறிவர்.

அத்தகைய வழக்குகளில் சாட்சியை நீதிமன்றத்துக்கு அழைத்துச் செல்வதும், மிரட்டலுக்கு ஆளான குடும்பத்தோடு இரவு தங்குவதும், நிவாரணத் தொகைக்காக ஆட்சியர் அலுவலகத்துக்கு அலைவதும் பெரும்பாலும் ஒரு சிறு அறக்கட்டளையின் இரண்டு மூன்று பணியாளர்களே. வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995இன் 11ஆம் விதி, பாதிக்கப்பட்டோருக்கும் அவரைச் சார்ந்தோருக்கும் சாட்சிகளுக்கும் பயணப்படி தர வகைசெய்கிறது. பெண்கள், சிறார், முதியோர் போன்றோர் தேர்ந்தெடுக்கும் துணையாளர் என்ற முறையில் அன்றி, கூடவே செல்லும் அறக்கட்டளைப் பணியாளரின் பேருந்துக் கட்டணத்துக்கு அதில் இடமில்லை. அதை அறக்கட்டளைதான் தரவேண்டும். அந்த அறக்கட்டளைக்கு வரும் பணமோ ஓராண்டுத் திட்டமாகவோ மூன்றாண்டுத் திட்டமாகவோ வருகிறது. வழக்கின் ஆயுளும் பணத்தின் ஆயுளும் பொருந்தாத இந்த நிலையைத்தான் இக்கட்டுரையில் விரிவாகப் பார்க்கிறோம். கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம் மாவட்டங்களில் அருந்ததியர், ஆதிதிராவிடர் மக்களிடையே இயங்கும் சிறு அமைப்புகள் நமது களம்.

ஆண்டு வருமானத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது

ஒரு அறக்கட்டளையின் நிதிநலத்தை அதன் ஆண்டு வருமானத்தைக் கொண்டு மதிப்பிடுவது நம்மிடையே பரவியுள்ள வழக்கம். "அவர்களுக்கு வருடத்துக்கு இருபது லட்சம் வருகிறது" என்ற பேச்சு பொறாமையாகவும் புகாராகவும் மாறுவதை இயக்க மேடைகளில் கண்டிருக்கிறோம். நிதிநலத்தைச் சொல்லும் எண் வேறு. எந்தத் திட்டத்துக்கும் கட்டுப்படாத, அறக்கட்டளை தன் விருப்பப்படி செலவிடக்கூடிய பணம் கையில் எவ்வளவு, அதைக்கொண்டு அலுவலகத்தை எத்தனை மாதம் திறந்துவைக்க முடியும் என்பதே அந்த எண்.

கற்பனையாக ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஓர் அமைப்பு ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் செலவிடுகிறது. மார்ச் 31 அன்று வங்கியில் 9 லட்சம் இருக்கிறது. பார்க்க நலமாகத்தான் தெரிகிறது. அந்த 9 லட்சத்தில் 8 லட்சத்து 10 ஆயிரம், அடுத்த ஆறு மாதத் திட்டச் செலவுக்கென நன்கொடையாளர் முன்கூட்டி அனுப்பிய தவணை. அதைத் தொட முடியாது. சொந்தப் பணம் 90 ஆயிரம். வாடகை, இரண்டு பேர் சம்பளம், தொலைபேசி, பயணம் ஆகிய அடிப்படைச் செலவு மாதம் 60 ஆயிரம் என்றால், அந்த அமைப்பின் உண்மையான ஆயுள் ஒன்றரை மாதம். திட்டம் புதுப்பிக்கப்படாவிட்டால் மே மாத நடுவில் கதவு அடைபடும்.

இதைக் கண்டறிய எந்தத் தாளைப் பார்க்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுவோம். சிறு அமைப்புகள் பொதுவாக ஆண்டறிக்கையின் பின்னிணைப்பாக ஒரு பெறுதல்–செலுத்துதல் கணக்கை மட்டும் அச்சிடுகின்றன. அதில் கைக்கு வந்த பணமும் கையைவிட்டுப் போன பணமும் மட்டுமே இருக்கும். நான்கு மாதம் சம்பளம் தரப்படவில்லை என்றால் அந்த நான்கு மாதச் சம்பளம் அந்தத் தாளில் எங்கும் தோன்றாது. செலுத்தப்படாத பணம் செலவாகாது அல்லவா! அமைப்பு சிக்கனமாக நடப்பதுபோன்ற தோற்றமே கிடைக்கும். உண்மை இருப்புநிலைக் குறிப்பில், பொறுப்புகள் என்ற தலைப்பின் கீழ் இருக்கிறது. கொடுக்க வேண்டிய சம்பளம், கொடுக்க வேண்டிய வாடகை, இவற்றோடு நிறுவனரிடமிருந்து கைமாற்று என்று ஒரு வரி இருந்தால் அதை நின்று வாசிக்க வேண்டும். அந்தக் கைமாற்று ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போகிறதென்றால், நிறுவனரின் மனைவியின் நகையோ அவர் வாங்கிய தனிக்கடனோதான் அறக்கட்டளையை நடத்துகிறது என்று பொருள். நகரத்து வளர்ச்சி நிறுவனங்களின் அறிக்கைகளில் இப்படியொரு வரியைக் காண்பது அரிது.

ஒரே ஆண்டின் கணக்கும் போதாது. ஐந்து ஆண்டு இருப்புநிலைக் குறிப்புகளை அருகருகே வைத்து மூன்று செய்திகளைத் தேடலாம்: கட்டுப்பாடற்ற நிதி கூடுகிறதா, மிகப் பெரிய ஒற்றை நன்கொடையாளரின் பங்கு குறைகிறதா, கைமாற்று அடைகிறதா. இந்த மூன்றும் சரியான திசையில் நகர்ந்தால், ஆண்டு வருமானம் சிறியதாக இருந்தாலும் அமைப்பு நலமாக இருக்கிறது.

ஐந்தாம் பங்கு

கோவையில் அறக்கட்டளை என்றதும் நினைவுக்கு வருவது பீளமேட்டின் பி.எஸ்.ஜி. 1926இல், பி.எஸ்.கோவிந்தசாமி நாயுடு குடும்பத்தின் சொத்து பிரிக்கப்பட்டபோது நான்கு மகன்களுக்கு நான்கு பங்கும் தருமத்துக்கு ஐந்தாவது பங்கும் ஒதுக்கப்பட்டதாக ஊரறிந்த வரலாறு. ஏறத்தாழ இரண்டு லட்சம் ரூபாய் மூலநிதியோடு அந்த அறக்கட்டளை தொடங்கியது. நிலமும் பஞ்சாலையும் தந்த பணம் அது. தொழிற்கூடம், கலைக் கல்லூரி, 1951இல் பொறியியல் கல்லூரி, பின்னர் மருத்துவக் கல்லூரி என அது விரிந்தது. அந்தக் கல்விப்பணியின் மதிப்பை மறுப்பது நம் நோக்கமன்று. ஒரு நூற்றாண்டாக ஓர் அறக்கட்டளை நிலைத்து நிற்கிறதென்றால் அதன் அடியில் மூலநிதியும், அதன் அடியில் நிலமும் ஆலையும் இருக்கின்றன என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்கிறோம்.

அதே காலத்தில் கொங்கு நாட்டு அருந்ததியரின் பொருளாதாரம் எங்கே இருந்தது? தோட்டத்துக் கிணற்றில். கவலை ஏற்றத்துக்கு வேண்டிய தோல் சாலைச் செய்து தருவதும், அது கிழிந்தால் தைத்துத் தருவதும், அதற்கு ஈடாகக் களத்தில் தானியம் பெறுவதும் அவர்களது வாழ்வாதாரமாக இருந்தன. பைக்காரா நீர்மின்சாரம் 1930களில் கோவைக்கு வந்தது. மின்மோட்டார் கிணறுகளுக்கு வந்தது. தோல் சாலின் தேவை படிப்படியாக அற்றுப்போனது. இந்த மாற்றத்தை ஸ்வீடன் வரலாற்றாய்வாளர் குன்னல் செடர்லோஃப் கோவை மாவட்ட மாதாரிகளைப் பற்றிய தம் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். மோட்டாரையும் பம்புசெட்டையும் செய்து கோவை தொழில் நகரமானது. அந்தத் தொழிலில் திரண்ட செல்வத்தில் அறக்கட்டளைகள் எழுந்தன. அதே பம்புசெட் ஒரு சாதியாரின் கைத்தொழிலை முடித்து அவர்களைப் பண்ணைக் கூலிகளாகவும் நகரத் துப்புரவுப் பணியாளர்களாகவும் ஆக்கியது. அவர்கள் வீட்டில் சொத்துப் பிரிக்கும்போது ஐந்தாம் பங்கு என்ற பேச்சுக்கே இடமில்லை, முதல் பங்கே இல்லாதபோது.

நிலம் கிடைத்திருக்கக்கூடிய ஒரு வாய்ப்பும் இருந்தது. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் பஞ்சமி நில ஒதுக்கீட்டு ஆணை பிறந்தது. அந்நிலங்களை ஒடுக்கப்பட்டோர் அல்லாதாருக்கு விற்க முடியாது என்ற நிபந்தனை இருந்தும் பெரும்பகுதி கைமாறியது. மூலநிதி ஆகியிருக்க வேண்டியது அது. தலித் அறக்கட்டளைகள் ஏன் எப்போதும் பிறர் பணத்தில் நிற்கின்றன என்று கேட்போருக்கு இதைவிட நீண்ட விடை தேவையில்லை.

நோய்க்கு வந்த பணம், ஆலைக்கு வந்த பணம்

கடந்த முப்பதாண்டுகளில் கொங்கு மண்டலத்துச் சிறு அமைப்புகளுக்குப் பணம் அலையலையாக வந்தது. ஒவ்வோர் அலைக்கும் ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயர் ஒருபோதும் சாதி என்பதாக இல்லை.

முதல் பெரிய அலை எச்.ஐ.வி. இந்தியாவில் அந்நோய் முதன்முதலில் 1986இல் சென்னையில் கண்டறியப்பட்டது. லாரித் தொழிலின் தலைநகரான நாமக்கல்லும் அதைச் சுற்றிய நெடுஞ்சாலைகளும் விரைவில் கவலைக்குரிய பகுதிகளாயின. அமெரிக்க அரசின் உதவியும், 2003 முதல் கேட்ஸ் அறக்கட்டளையின் அவஹான் திட்டமும் தமிழ்நாட்டுக்கு வந்தன. ஐந்து பேரோடு இருந்த அமைப்புகள் ஐம்பது பேராயின. வாகனம், கணினி, மாவட்டத் தலைநகரில் அலுவலகம் எல்லாம் வந்தன. அவஹான் தன் பணிகளைப் பத்தாண்டுகளுக்குள் படிப்படியாக அரசிடம் ஒப்படைத்தது. அரசுத் திட்டத்தின் சம்பள விகிதம் வேறு, தவணை வரும் நேரமும் வேறு. ஐம்பது பேர் மீண்டும் ஐந்து பேராயினர். அந்த ஐம்பது பேரைத் தாங்கிய பத்தாண்டுகளில் ஓர் ஆண்டுக்கான சேமிப்பைக்கூட எந்தத் திட்ட ஒப்பந்தமும் அனுமதிக்கவில்லை. செலவிடாத பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பதே பொதுவிதி.

தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் அடுத்தது. 1988இல் தொடங்கிய அத்திட்டத்தின் சிறப்புப் பயிற்சி மையங்களைக் கோவை, ஈரோடு, சேலம், நாமக்கல் மாவட்டங்களில் தொண்டு அமைப்புகளும் நடத்தின. விசைத்தறியிலிருந்தும் வெள்ளிப் பட்டறையிலிருந்தும் மீட்கப்பட்ட பிள்ளைகள் அங்கே படித்தனர். பின்னர் அத்திட்டம் சமக்ர சிக்ஷாவோடு இணைக்கப்பட்டதால் 2022ஆம் ஆண்டோடு மையங்கள் மூடப்பட்டன.

மூன்றாவது அலை பஞ்சாலைகளைப் பற்றியது. "சுமங்கலி" என்ற பெயரில் இளம்பெண்களை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் விடுதிகளில் அடைத்து வேலைவாங்கிய முறையை நெதர்லாந்தின் சோமோ, இந்தியக் குழு ஆகிய அமைப்புகள் 2011, 2012, 2014 ஆண்டுகளின் அறிக்கைகளில் உலகறியச் செய்தன. ஐரோப்பிய ஆடை நிறுவனங்களுக்கு அது அவமானமாயிற்று. அதனால் கோவை, திருப்பூர், திண்டுக்கல் பகுதி அமைப்புகளுக்குத் திட்டங்கள் வந்தன. பயிற்சி, விழிப்புணர்வு, நல்வாழ்வு என்ற சொற்களில் அவை எழுதப்பட்டன. அந்த விடுதிகளில் இருந்த பெண்களில் தலித் பெண்கள் ஏன் அவ்வளவு பேர் என்ற கேள்வி திட்ட ஆவணத்தின் பின்னணிப் பகுதியில் ஒரு பத்தியோடு முடிந்தது.

இரட்டைக் குவளையை ஒழிக்கவும், கோயில் நுழைவுக்கும், வன்கொடுமை வழக்கை எட்டாண்டு பின்தொடரவும் பணம் தருவோர் மிகச் சிலரே. ஆகவே அமைப்புகள் நோய்க்கும் ஆலைக்கும் வந்த பணத்தில் சிறிது நேரத்தையும் பெட்ரோலையும் எடுத்து இவ்வேலைகளைச் செய்தன. கணக்கில் காட்டப்படாத உழைப்பு அது. அலை வடிந்தபோது முதலில் நின்றதும் அதுவே.

2020க்குப் பின்

வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் 1976இல், நெருக்கடி நிலைக் காலத்தில் பிறந்தது. 2010இல் புதிய சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. பதிவு ஐந்தாண்டுக்கு மட்டும் செல்லும் என்றாயிற்று. 2020 செப்டம்பரில் கொண்டுவரப்பட்ட திருத்தம் சிறு அமைப்புகளின் முதுகெலும்பை முறித்தது. அதன் மூன்று கூறுகளை மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

ஒன்று, துணை மானியத் தடை. பதிவுபெற்ற பெரிய அமைப்பு தான் பெற்ற வெளிநாட்டுப் பணத்தில் ஒரு பகுதியைப் பதிவுபெற்ற சிறு அமைப்புக்குப் பகிர்ந்தளிக்க முன்பு வழியிருந்தது. ஜெர்மனியிலோ டென்மார்க்கிலோ உள்ள நன்கொடை நிறுவனத்துக்குச் சத்தியமங்கலம் மலையடிவாரத்து அமைப்பைத் தெரியாது. சென்னை அமைப்பைத் தெரியும். அந்த இணைப்பு அறுந்தது. இரண்டு, எல்லா வெளிநாட்டு நன்கொடையும் புதுதில்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் முதலில் வந்துசேர வேண்டும். இது தொல்லைதான்; சமாளிக்க முடிந்த தொல்லை.

மூன்றாவதுதான் கொடியது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமாகத் தோன்றும்: ஏழைகளுக்கு வந்த பணம் ஏழைகளுக்கே போகட்டும் என்று. நிர்வாகச் செலவு என்றால் எது என்பதை விதிகளில் பார்க்க வேண்டும். மேலாண்மைப் பணியாளரின் சம்பளமும் பயணமும், அலுவலக வாடகை, வாகனப் பராமரிப்பு, அறிக்கை எழுதும் செலவு, சட்ட மற்றும் தொழில்முறைக் கட்டணங்கள் ஆகியன நிர்வாகச் செலவு. மருத்துவமனை நடத்துவோருக்கு மருத்துவர் சம்பளத்துக்கும், பள்ளி நடத்துவோருக்கு ஆசிரியர் சம்பளத்துக்கும் விலக்கு உண்டு. தையல் எந்திரம் வாங்கிக் கொடுக்கும் அமைப்புக்கு எந்திரத்தின் விலை திட்டச் செலவு. அதற்கு இந்த வரம்பு உறுத்தாது. உரிமைக்காகப் போராடும் அமைப்பின் வேலையே வழக்கறிஞர் கட்டணமும் பயணமும் உண்மையறியும் அறிக்கையும் அவற்றைச் செய்யும் மனிதர்களின் சம்பளமும்தான். அவ்வமைப்பின் பணி முழுவதையும் சட்டம் நிர்வாகம் என்று பெயரிட்டுவிட்டது. பொருள் கொடுக்கும் தொண்டு வாழலாம், உரிமை கேட்கும் பணி வாழக் கூடாது என்று எங்கும் எழுதாமலேயே இது சாதிக்கப்பட்டது என்பது நம் கருத்து. நோயல் ஹார்ப்பர் வழக்கில் 2022 ஏப்ரல் 8 அன்று உச்சநீதிமன்றம் இத்திருத்தங்களைப் பெரும்பாலும் செல்லும் என்றது. வெளிநாட்டு நன்கொடை பெறுவது முழுமையான உரிமையாகாது என்றும் கூறியது.

புதிதாகப் பதிவு கோரும் அமைப்புக்கு மூன்றாண்டுப் பழமையும், அந்த மூன்றாண்டுகளில் தன் நோக்கத்துக்காக 15 லட்சம் ரூபாய் செலவிட்ட கணக்கும் வேண்டும். அதாவது, பணம் உள்ளவர்களே பணம் கேட்கலாம்.

இச்சட்டம் ஒரு தலித் அமைப்பை என்ன செய்யும் என்பதற்கு குஜராத்தின் நவ்சர்ஜன் சான்று. 1986இல் கோலானா கிராமத்தில் நிலத்துக்காகத் தலித்துகள் நால்வர் கொல்லப்பட்ட பின்னணியில் மார்ட்டின் மெக்வான் உருவாக்கிய அமைப்பு அது. 1,589 கிராமங்களில் தீண்டாமையின் வடிவங்களைக் கணக்கெடுத்து 2010இல் அது வெளியிட்ட ஆய்வு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. 2016 ஆகஸ்டில் அதன் வெளிநாட்டு நன்கொடைப் பதிவு புதுப்பிக்கப்பட்டது. உனா கொடுமையை எதிர்த்துக் குஜராத் தலித்துகள் தெருவில் நின்ற ஆண்டு அது. அதே ஆண்டு டிசம்பரில் பதிவு ரத்துசெய்யப்பட்டது. பணியாளர்களில் பெரும்பாலோர் நீக்கப்பட்டனர். முப்பதாண்டு நற்பெயர் இருந்தும் அதனால் சம்பளம் தர முடியவில்லை. சானந்த் அருகே அதன் துணையோடு எழுந்த தொழிற்பயிற்சி நிலையமான தலித் சக்தி கேந்திரா தொடர்ந்து இயங்கியது. தனி வளாகம் அதற்கிருந்தது.

நம் மாநிலத்தில் மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட மக்கள் கண்காணிப்பகம் இதை முன்பே அனுபவித்தது. 2012இல் அதன் பதிவு நிறுத்திவைக்கப்பட்டு வங்கிக் கணக்குகள் முடக்கப்பட்டன. 2014இல் தில்லி உயர்நீதிமன்றத்தில் நிவாரணம் கிடைத்தது. 2016இல் புதுப்பிக்க மறுக்கப்பட்டது. மதுரைக்கு இந்த நிலை என்றால் அவிநாசியிலும் பவானியிலும் வாடகை அறையில் இருக்கும் அமைப்பு நீதிமன்றப் படியேறுமா?

உள்ளூர்ப் பணம்

வெளிநாட்டுப் பணம் போனால் உள்ளூர்ப் பணம் வரும் என்கிறார்கள். நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவின்படி 500 கோடி நிகர மதிப்போ, 1,000 கோடி விற்றுமுதலோ, 5 கோடி நிகர லாபமோ உள்ள நிறுவனம் தன் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்காகச் செலவிட வேண்டும். பஞ்சாலை, வார்ப்படத் தொழில், பம்புசெட், பின்னலாடை என்று தொழில் செழித்த கொங்கு மண்டலத்தில் இத்தகைய நிறுவனங்களுக்குக் குறைவில்லை. சமூக, பொருளாதார நிலையில் பின்தங்கியோரின் ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் பணி சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் இருக்கிறது. நடைமுறையில் அப்பணம் பள்ளிக் கழிப்பறைக்கும் மரக்கன்றுக்கும் கண் சிகிச்சை முகாமுக்கும் போகிறது. பல நேரங்களில் அதே குடும்பத்தாரின் அறக்கட்டளைக்கே போகிறது. ஆலை விடுதியின் பூட்டைப் பற்றிக் கேட்கும் அமைப்புக்கு ஆலை முதலாளி ஏன் பணம் தரப்போகிறார்? ஊரில் யாரோடு சம்பந்தம், யாரோடு வியாபாரம் என்பதெல்லாம் பின்னிக்கிடக்கும் மண் இது. விதிவிலக்காக மனமுவந்து தருவோர் உண்டு. பெயரை அச்சிட வேண்டாம் என்று சொல்லித்தான் தருகிறார்கள்.

மிஞ்சுவது சொந்த மக்களின் பணம். அதற்கு வரலாறு உண்டு. அயோத்திதாசர் 1907இல் தொடங்கிய "ஒரு பைசாத் தமிழன்" இதழுக்குக் கோலார் தங்கவயல் தொழிலாளர்கள் பெருந்துணையாக நின்றனர். சுரங்கக் கூலி மாதந்தோறும் தவறாமல் வந்தது. ஆகவே சந்தாவும் தவறாமல் வந்தது. அம்பேத்கரின் "மூக்நாயக்" 1920இல் கோல்ஹாப்பூர் சாகு மகாராஜா தந்த 2,500 ரூபாயோடு தொடங்கி, மூன்றாண்டுகளில் நின்றுபோனது. ஒரு பெருந்தொகை தராத ஆயுளைப் பல சிறுதொகைகள் தந்தன. கன்ஷிராம் 1978இல் அரசு ஊழியர்களை ஒருங்கிணைத்து பாம்செஃப்பைத் தொடங்கியபோது, மாதச் சம்பளக்காரரின் பங்களிப்பையே இயக்கத்தின் நிதியாகக் கொண்டார். சம்பளம் வாங்குவோரின் பங்களிப்பு எந்தத் திட்டத்துக்கும் கட்டுப்படாதது. வழக்குச் செலவுக்கும் வாடகைக்கும் பயன்படுவது.

கொங்கு மண்டலத்தில் இந்த வழியும் குறுகிவருகிறது. அருந்ததியர் குடியிருப்புகளில் நிலையான மாதச் சம்பளம் என்றால் நீண்டகாலம் நகராட்சி, மாநகராட்சித் துப்புரவுப் பணிதான். அது ஒப்பந்த முறைக்குப் போனபின், 2022 அக்டோபரில் கோவை மாநகராட்சி ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்கள் கூலிக்காகவே வேலைநிறுத்தம் செய்ய நேர்ந்தது. அவர்களிடம் மாதச் சந்தா கேட்க யாருக்கு நா எழும்? மறுபுறம், 2009ஆம் ஆண்டின் 3 விழுக்காடு உள் இடஒதுக்கீட்டால் அரசுப் பணிக்கும் தொழிற்கல்விக்கும் சென்ற ஒரு தலைமுறை உருவாகியிருக்கிறது. உள் ஒதுக்கீடு செல்லும் என்று 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்சநீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு அளித்த தீர்ப்பால் அந்த வழி உறுதிப்பட்டுள்ளது. இவர்களே இன்றைய கோலார் தொழிலாளர்கள்.

இவர்களிடம் செல்வோர் ஒரு நடைமுறையை அறிந்துகொள்ள வேண்டும். வருமான வரிச் சட்டத்தின் 80ஜி சான்று இருந்தால் நன்கொடையாளருக்கு வரிச்சலுகை என்று சொல்லித்தான் இதுவரை நன்கொடை கேட்டுவந்தோம். இப்போது சம்பளக்காரர்களுக்கு இயல்பாகப் பொருந்தும் புதிய வரிமுறையில் அந்தக் கழிவு கிடையாது. 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்க நன்கொடைக்குப் பழைய முறையிலும் கிடையாது. ஆனால் நன்கொடையாளர் பட்டியலை ஆண்டுதோறும் மே 31க்குள் பதிவேற்ற வேண்டிய கடமை அறக்கட்டளைக்குத் தொடர்கிறது. தவறினால் நாளொன்றுக்கு 200 ரூபாய் தாமதக் கட்டணம். சலுகை தேய்ந்துவிட்டது, ஆடிட்டர் செலவு நிலைத்துவிட்டது. பெயர் சொல்லாத நன்கொடைகளில், ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் அல்லது மொத்த நன்கொடையில் 5 விழுக்காடு, இவற்றில் எது அதிகமோ அதைத் தாண்டும் தொகைக்கு 30 விழுக்காடு வரி உண்டு என்பதால் உண்டியல் வசூலுக்கும் ரசீது எழுதிவைப்பது நலம். வெளிநாட்டில் வேலைசெய்யும் நம் பிள்ளைகளில் இந்தியக் குடியுரிமை உள்ளவர்கள் தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர் அனுப்பினால் ஆகும். கடவுச்சீட்டின் நகலைக் கேட்டு வாங்கிக் கோப்பில் வைப்பதில் கூச்சம் வேண்டாம்.

சேமிப்பு குற்றம் என்ற எண்ணத்தையும் விடவேண்டும். வருமானத்தில் 85 விழுக்காட்டை அவ்வாண்டே நோக்கத்துக்காகச் செலவிட்டால், எஞ்சிய 15 விழுக்காட்டை எக்காரணமும் காட்டாமல் வைத்துக்கொள்ள வருமான வரிச் சட்டமே அனுமதிக்கிறது. மேலே சொன்ன கற்பனை அமைப்பின் 12 லட்சமும் கட்டுப்பாடற்ற வருமானமாக இருந்தால், ஆண்டுக்கு 1 லட்சத்து 80 ஆயிரம் சேரும்; நான்காண்டில் 7 லட்சத்து 20 ஆயிரம், அதாவது ஓராண்டு அடிப்படைச் செலவு. சட்டம் தரும் இந்த இடத்தை நன்கொடையாளரின் ஒப்பந்தம் பறிக்கிறது. ஆகவே ஒப்பந்தம் பேசும்போதே வாடகைக்கும் கணக்கருக்கும் உரிய பங்கையும், இயலுமானால் கையிருப்புக்கு ஒரு சிறு விழுக்காட்டையும் கேட்டுப் பெறும் அமைப்புகள் உண்டு. கேட்டால் திட்டமே போய்விடும் என்று அஞ்சி வாய்மூடி இருக்கும் அமைப்புகளே அதிகம். பெரிய நகர்ப்புற அமைப்பு இதைக் கேட்டால் தொழில்முறை என்கிறார்கள். சேரியிலிருந்து வந்தவர் கேட்டால் பேராசை என்கிறார்கள்.

ஆய்வுக்காக இக்கணக்குகளைத் தேடும் மாணவர்களுக்கு ஒரு தடை இருக்கிறது. வெளிநாட்டு நன்கொடை பெறும் அமைப்புகளின் ஆண்டு அறிக்கைகள் முன்பு உள்துறை அமைச்சகத்தின் இணையதளத்தில் எவரும் பார்க்கும்படி இருந்தன. 2022 ஜூலையில் அவை அகற்றப்பட்டன. காலாண்டுக்கு ஒருமுறை நன்கொடை விவரத்தை வெளியிட வேண்டும் என்ற விதியும் நீக்கப்பட்டது. இனி அமைப்பின் வாசலுக்குச் சென்று கேட்டுத்தான் வாங்க வேண்டும். கேட்கும்போது ஆண்டறிக்கையோடு நின்றுவிடாமல் ஐந்தாண்டு இருப்புநிலைக் குறிப்பையும் தணிக்கையாளர் எழுதிய குறிப்புகளையும் சேர்த்துக் கேளுங்கள். தரத் தயங்கினால் உடனே ஐயப்பட வேண்டியதில்லை. பல இடங்களில் அவற்றை நகலெடுத்து அடுக்கிவைக்கும் கணக்கரின் பணியிடம்தான் முதலில் காலியாகியிருக்கும்.